சுண்டுவின் செல்கள்

பிப்ரவரி 9

என் சுண்டுவுக்கு,

உன் செல்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. நீ எப்போது வரப் போகிறாய்?

கோபப்படாதே, முதலில் உன்னைத்தான் விசாரிக்க வேண்டும், தெரியும். தையல் போட்ட இடம் காய்ந்ததா? கையைத் தூக்கித் தலை வார முடிகிறதா? வலித்தால் வலிக்கிறது என்று நர்ஸிடம் சொல். சின்ன வயதிலேயே நீ ஊசிக்கு அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவள். அதெல்லாம் இப்போது வேண்டாம்.

ஐஸ் பெட்டியை நானேதான் பிரித்தேன். இத்தனை வருஷமாக யார் யாருடைய கட்டியையோ பிரித்திருக்கிறேன், பெட்டிமேல் எழுதிய பெயரை ஒருநாளும் படித்ததில்லை. உன் பெயரை இரண்டு தரம் படித்தேன். வேர்க்கடலை அளவுக்கு ஒரு துண்டு. "நான் நறுக்கட்டுமா மேடம்?" என்று லேபில் இருக்கும் பெண் கத்தியோடு வந்தாள். "தொட்டுடாத, அது என் தங்கச்சி" என்றேன். பயந்துபோய்விட்டாள், பாவம். நானே நறுக்கி, நானே கரைத்து, குப்பியில் ஊற்றினேன். பெரும்பாலான கட்டிகளின் செல்கள் குப்பியின் அடியில் ஒட்டாமலே செத்துப்போகும். உன்னுடையது மறுநாளே ஒட்டிக்கொண்டது. உன் பிடிவாதம் எங்கே போகும்!

"நீ அப்படி என்னதான்க்கா ஆராய்ச்சி பண்ற?" என்று ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் கேட்டாய். அதற்குள் மயக்க மருந்து கொடுக்க உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது சொல்கிறேன். செல் என்பது தண்ணீர்ப் பை இல்லை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறார்களே, அதுபோல உள்ளே ஒரு சட்டகம் உண்டு. செல் நிற்பது, பிரிவது, நகர்வது எல்லாம் அதை வைத்துத்தான். அந்தச் சட்டகத்தில் வேலை பார்க்கும் ஒரு புரதக் குடும்பத்துக்கு செப்டின் என்று பெயர். மொத்தம் பதின்மூன்று பேர். ஒருத்தரும் தனியாக நிற்க மாட்டார்கள், கைகோத்துச் சங்கிலியாகத்தான் நிற்பார்கள். சில புற்றுக்கட்டிகளில் ஒன்பதாவது ஆள் மட்டும் கணக்கில்லாமல் பெருகிவிடுகிறான். அப்புறம் அந்தச் செல்லுக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. முன்னால் ஒரு காலை நீட்டும், பின்னால் இருப்பதை இழுத்துக்கொள்ளும், ஊர்ந்து கிளம்பிவிடும். நான் பாதி வாழ்க்கையை அந்த ஒன்பதாவது ஆளுக்குப் பின்னால்தான் ஓட்டியிருக்கிறேன்.

ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுது. டாக்டர் என்ன சொன்னாலும் என்னைக் கேட்காமல் தலையாட்டாதே.

அன்புடன்,
அக்கா

* * *

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "உங்கக்கா உன்னவிட அந்தச் செல்லத்தான் நல்லா விசாரிச்சிருக்காங்க" என்றார். விடுவேனா? அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னி, ஷூவுக்கு லேஸ் கட்டி, ஸ்கூல் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனது யார் என்று கேட்டேன். மனிதர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

தையல் ஆறிவிட்டது. கை தோள் வரை வருகிறது. பாப்பாதான் தலை வாரிவிடுகிறாள். பன்னிரண்டு வயதுக்கு அவள் பண்ணும் அதிகாரம் இருக்கிறதே, அப்படியே நீதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்பில் இருந்த கட்டியை முழுக்க எடுத்துவிட்டார்களாம். அக்குளில் ஒன்றும் பரவவில்லையாம். இனி மருந்து ஏற்றலாம், ஏற்றாமலும் விடலாம் என்கிறார் பெரிய டாக்டர். "நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கீங்கம்மா. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்கிறார். நானா! ஒரு ஜோடி செருப்பு வாங்கவே முடிவு பண்ணத் தெரியாமல் கடையில் அரை நாள் நிற்கிறவளிடம் போய் இதைச் சொன்னால்?

முடி கொட்டினால் கொட்டட்டும், அக்கா. எனக்குப் பயமெல்லாம் பாதம்தான். அந்த மருந்தில் விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப்போகுமாம், சிலருக்குத் திரும்பி வராதாம். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் கால் மரத்துப்போனால் என்ன ஆகும்? என் பக்கம் தனியாக இருக்கும் பிரேக்கை எவ்வளவு அழுத்தினேன் என்று கால்தானே சொல்ல வேண்டும்? இப்போது ஒரு பேங்க் மேனேஜர் அம்மா வருகிறார். வண்டி திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார். ஏம்மா என்றால், "பயமா இருக்குங்க, அதான் பாக்கல" என்கிறார். அவரை நம்பியா நான் காலை மரக்க விடுவது?

என் செல்கள் உன்னிடம் இருக்கின்றன. பார்த்துச் சொல். நடக்கின்றனவா, உட்கார்ந்திருக்கின்றனவா? நடக்கின்றன என்றால் வாயை மூடிக்கொண்டு மருந்தை ஏற்றிக்கொள்கிறேன். கால் போனால் போகட்டும், பாப்பாவுக்கு நான் வேண்டும். இல்லை என்றால் விட்டுவிடுகிறேன். இருபதாம் தேதிக்குள் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வேறு யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். நீ சொன்னால் வராது. மழுப்பாமல் எழுது.

உன்,
சுண்டு

* * *

மார்ச் 14

என் சுண்டுவுக்கு,

உட்கார்ந்திருக்கின்றன. போதுமா?

உன் ஆட்கள் சரியான சோம்பேறிகள். போட்ட இடத்தில் கிடக்கிறார்கள். ஒன்பதாவது ஆளைத் தேடிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் காணோம். ஆகவே மருந்து வேண்டாம். காலைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த மேனேஜர் அம்மாவுக்குக் கண்ணைத் திறந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொடு, அது பெரிய புண்ணியம்.

ஒன்று மட்டும். ஆராய்ச்சியில் பார்த்ததை, செல்லைக் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு விதி. தங்கை என்பதால் சொல்கிறேன். நான் சொன்னதாக உன் டாக்டரிடம் மூச்சு விடாதே, என் வேலை போய்விடும். யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்று நீயாகச் சொல்வது போலச் சொல்.

போன வாரம் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டார். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. உனக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தோள் வலி, பார்த்தாயா.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

* * *

ஏப்ரல் 21

அன்புள்ள அக்கா,

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்! பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "நல்லா யோசிச்சீங்களா?" என்றார். "நல்லா யோசிச்சேன் சார்" என்றேன். நீ யோசித்தால் நான் யோசித்த மாதிரிதானே?

உன் கடிதம் வந்த அன்று வாசலிலேயே நின்று படித்து அழுதுவிட்டேன். என்னவோ ஏதோ என்று இவர் ஓடிவந்தார். "உக்காந்திருக்காம், உக்காந்திருக்காம்" என்று நான் சொல்ல, "யாரு?" என்று வாசலில் எட்டி எட்டிப் பார்க்கிறார்.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். மேனேஜர் அம்மா பாஸ் பண்ணிவிட்டார். டெஸ்ட் எடுக்க வந்த ஆபீசர் இறங்கும்போது அவருக்குத்தான் வேர்த்திருந்தது.

உன் பெயரைச் சொல்லித்தான் தினமும் தூங்குகிறேன். லீவுக்கு ஒருதரம் வாயேன். பாப்பா உன்னைப் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது!

சுண்டு

* * *

ஜூன் 30

என் சுண்டுவுக்கு,

எங்கே லீவு எடுப்பது? மூச்சுவிட நேரமில்லை. உன் செல்கள் இப்போது லேபில் பெரிய மனிதர்கள். வெளியூரிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். ஒரு குப்பி தாருங்கள், அரைக் குப்பி தாருங்கள் என்று கெஞ்சுகிறார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. நானே ஊட்டுகிறேன், நானே குப்பி மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. உனக்கு இடுப்பில் பாப்பாவை வைத்துக்கொண்டு திரிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. பெரிய கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பாதி தயார்.

நீ எப்படி இருக்கிறாய்? குளிக்கும்போது கழுத்துப் பக்கம், காறை எலும்புக்கு மேலே, விரலால் தடவிப் பார்க்கிறாயா? வாரம் ஒருதரம் பார். சும்மா ஒரு பழக்கத்துக்குத்தான். ஏதாவது தட்டுப்பட்டால் முதலில் எனக்குச் சொல், டாக்டருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா

* * *

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

இருக்கிறது.

நீ சொன்ன இடத்திலேயே, இடது பக்கம், பட்டாணி அளவுக்கு. தொட்டால் வலிக்கவில்லை. வலிக்காததுதான் கெட்டது என்று யாரோ சொன்ன ஞாபகம். சளியினால்கூட நெறி கட்டும் என்று இவர் சொல்கிறார். சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொள்கிறார்.

அக்கா, உட்கார்ந்திருக்கிறவர்கள் எப்படிக் கழுத்து வரைக்கும் வந்தார்கள்? வேறு ஏதாவதாக இருக்கும், இல்லையா? வகுப்பு நடுவில் இரண்டு தரம் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. பாப்பா பார்த்துவிட்டாள். கொசுக்கடி என்றேன்.

நீ சொன்னபடி டாக்டரிடம் இன்னும் போகவில்லை. சீக்கிரம் எழுது. இல்லை, எழுத வேண்டாம், கிளம்பி வந்துவிடு. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தைரியம் வரும்.

சுண்டு

* * *

ஆகஸ்ட் 20

சுண்டு,

அவசரமாக எழுதுகிறேன், கவனமாகப் படி. நாளைக்கே டாக்டரிடம் போ. இந்தத் தரம் மருந்து ஏற்றியாக வேண்டும் என்பார்கள். சரி என்று சொல். ஆனால் முதல் ஊசி போடுவதற்கு முன்னால் அந்தக் கட்டியை வெட்டி எடுக்கச் சொல். ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. முதலில் கட்டி.

எடுத்ததும் ஃபார்மலினில் போடக் கூடாது, போட்டால் செத்துப்போகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள். நீயே சர்ஜனிடம் இரண்டு தரம் சொல். உயிரோடு வேண்டும். என் பெட்டி நாளை மறுநாள் உனக்கு வரும். உள்ளே பிங்க் கலரில் ஒரு திரவம் இருக்கும். அதில்தான் போட வேண்டும், சுற்றி ஐஸ் வைக்க வேண்டும், அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

இதன் அருமை உனக்குத் தெரியாது. ஒரே ஆளின் முதல் கட்டியும், அதிலிருந்து ஓடிப்போய் முளைத்த இரண்டாவது கட்டியும், நடுவில் துளி மருந்து படாமல், இரண்டும் உயிரோடு! எல்லோரிடமும் இருப்பது மருந்து பட்டதுதான். மருந்து படாத ஜோடி யாரிடமும் கிடையாது. கட்டுரையின் இரண்டாவது பாதியே இதுதான்.

தைரியமாக இரு. என்னால் இப்போது வர முடியாது. பெட்டி வந்ததும் இரண்டு வரி எழுதிப் போடு.

அக்கா

* * *

செப்டம்பர் 6

அக்கா,

பெட்டி வந்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சின்ன டாக்டர் சேர்ந்திருக்கிறார். பெண். என்னைச் சோதித்துக்கொண்டே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். உங்கள் அக்கா யார் என்று கேட்டார். சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மார்ச் மாதம் நீ பேசிய மாநாட்டில் அவரும் இருந்தாராம். என் செல்கள் ஓடுவதை நீ பெரிய திரையில் வீடியோவாகப் போட்டாயாம். பத்து வருஷத்தில் இவ்வளவு வேகமாக ஓடும் செல்லைப் பார்த்ததில்லை என்றாயாம். ஒன்பதாவது ஆள் பொங்கி வழிகிறான் என்று பச்சை நிறத்தில் காட்டினாயாம். "இதோட சொந்தக்காரி கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறவ, வேகத்துக்குக் கேக்கணுமா?" என்று நீ சொல்ல, அரங்கமே சிரித்ததாம். அவரும் சிரித்தாராம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கட்டி கிடைக்குமா என்று யாரோ எழுந்து கேட்டார்களாம். "காத்துக்கிட்டிருக்கேன்" என்று நீ சொன்னாயாம்.

அது நடந்தது மார்ச் எட்டாம் தேதி. உட்கார்ந்திருக்கின்றன என்று நீ எனக்கு எழுதியது பதினாலாம் தேதி. என் கடிதம் உன் மேஜை மேல் இருந்திருக்கும். நடந்தால் மருந்தை ஏற்றிக்கொள்கிறேன், பாப்பாவுக்கு நான் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் எழுதினாய், மருந்து வேண்டாம் என்று. டாக்டரிடம் மூச்சு விடாதே என்று. கழுத்தைத் தடவிப் பார் என்று. எங்கே முளைக்கும் என்றுகூட உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் முட்டாள், உனக்கு என்மேல் எவ்வளவு கரிசனம் என்று இவரிடம் பீற்றிக்கொண்டேன்.

செல்லைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் கொடுத்ததைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம் என்று சின்ன டாக்டர் சொன்னார். உங்கள் ஆராய்ச்சி முறைப்படி நடக்கிறதா என்று கண்காணிக்கிற நெறிக்குழுவுக்கு எழுதிவிட்டேன். குப்பியில் இருப்பது, உறைய வைத்திருப்பது, வீடியோ, எல்லாம். ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். நீ படித்த படிப்புக்கு இன்னும் நாலு பொய் சொல்லத் தோன்றும். என்னிடம் சொல்லாதே. அவர்களிடம் சொல்லிக்கொள்.

உன் தங்கை

* * *

செப்டம்பர் 11

சுண்டு,

நெறிக்குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து என் ஃப்ரீஸருக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இருபத்தைந்தாம் தேதி அவர்கள் முன்னால் எல்லாக் குப்பியிலும் நான் ப்ளீச் ஊற்ற வேண்டுமாம். லேபில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உனக்குச் சந்தோஷமா?

அந்தச் சின்ன டாக்டர் யார் தெரியுமா? என்னிடம் வேலை கேட்டு வந்தவள். செல்லைக் கழுவக்கூடத் தெரியவில்லை, வேறு வேலை பார் என்று அனுப்பினேன். அந்த வயிற்றெரிச்சலைத்தான் உன் காதில் கொட்டியிருக்கிறாள். இப்போது அவளும் இந்த செப்டின் குடும்பத்தைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறாள்.

குப்பியில் ஓடுகிற செல்லெல்லாம் உடம்புக்குள் ஓடிவிடுவதில்லை. பாதிக்குமேல் நடுவழியிலேயே செத்துப்போகும். ஓடுவதைப் பார்த்துவிட்டு, மருந்து ஏற்று என்று உன்னிடம் சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? சொல்லி, நீ கால் மரத்து வீட்டில் உட்கார்ந்திருந்தால், உன்னாலதான்க்கா என்று என்னைத்தானே திட்டியிருப்பாய்? உனக்கு மருந்து பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னைப் பிடித்தாய். நீ கேட்க வந்ததைச் சொன்னேன். பேங்க் மேனேஜருக்கு வண்டி கற்றுக்கொடுப்பதுதான் உனக்கு முக்கியமாக இருந்தது, பாப்பா இல்லை.

உன்னை வளர்ப்பதற்காக நான் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. எனக்கென்று இருப்பது இந்த ஒன்பதாவது ஆள்தான். அவனை எப்படி நிறுத்துவது என்று உன் செல்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், இன்னும் கொஞ்ச தூரம்தான். உன்னை மாதிரி எத்தனையோ பெண்களுக்கு ஆகும். உன் ஒருத்தியின் கோபத்துக்காக அவர்களையெல்லாம் சாகடிக்கப் போகிறாயா?

இரண்டாவது கட்டியை எடுத்தார்களா இல்லையா? அதையாவது சொல்லித் தொலை. குழுவுக்கு ஒரு வரி எழுது, கோபத்தில் எழுதிவிட்டேன் என்று. நான் வருகிறேன், நேரில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா

* * *

செப்டம்பர் 22

அக்கா,

எடுத்துவிட்டார்கள். ஊசி போடுவதற்கு முன்னால்தான் எடுத்தார்கள். ஃபார்மலினில் போடவில்லை. நீ அனுப்பிய பெட்டியிலேயே, அந்த பிங்க் திரவத்திலேயே போட்டு, சுற்றி ஐஸ் வைத்து, அந்தச் சின்ன டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறதாம். மறுநாளே ஒட்டிக்கொண்டதாம்.

அவள் நல்லவளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் பேர் வாங்கும் ஆசை இருக்கும். முதல் கட்டியையும் ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களாம், செத்ததுதான், அது போதும் என்கிறாள். என்னிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் கட்டியைக் கேட்டாள். கேட்கும்போது அழுதாள். உனக்கு வேலை தரத் தெரியவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ பெண்கள் என்று எழுதியிருந்தாய், அவர்களுக்கு ஆக வேண்டியது அவள் கையால் ஆகட்டும். அவள் பேசும் மாநாட்டில் நீ போய் உட்கார்ந்து கைதட்டு.

எனக்கு மருந்து வேண்டாம் என்று இருந்தது உண்மைதான். அதனால்தான் உன்னைக் கேட்டேன். வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கையை நீட்டியிருப்பேன். அது உனக்கும் தெரியும்.

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் இருக்கிறது, முதுகெலும்பிலும் இருக்கிறது. மருந்து ஏற்றுகிறார்கள். இனி குணமாவதற்கு இல்லை, நாளைத் தள்ளுவதற்கு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பாதம் மரக்கத் தொடங்கிவிட்டது. வண்டியில் என் இடத்தில் இவர் உட்காருகிறார். என்னைவிடச் சத்தமாகக் கத்துகிறாராம், இரண்டு பேர் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள்.

இருபத்தைந்தாம் தேதி நீயே ஊற்று, லேபில் இருக்கும் பெண்ணிடம் விடாதே. குழுவிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். இங்கே வராதே. நான் இருக்கும்போதும் வராதே, போன பிறகும் வராதே. பாப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியம்மா அப்படிச் செய்திருக்க மாட்டாங்க என்று முதலில் என்னோடு சண்டை போட்டாள். உன் கடிதங்களைத் தேதி வாரியாக எடுத்து அவளே படித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் மடித்து என் மடியில் வைத்தாள்.

இது அம்மா வழியில் வருகிற வகையாக இருக்கலாம், பாப்பா பெரியவளானதும் வருஷா வருஷம் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். என்றைக்காவது அவள் உடம்பிலிருந்து ஏதாவது எடுக்க நேர்ந்தால், அதில் ஒரு துளிகூட உன் கைக்கோ உன் லேபுக்கோ வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இவரும் போட்டார். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. நானும் போடறேன் என்று பேனாவை வாங்கி, பாப்பாவும் போட்டாள்.

உன் தங்கை